ஏழாயிரம் பவுன் வேண்டாம் என்றவர்

"விளையாட்டு சோறு போடுமா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத தாயாரும் கிடையாது; கேட்டுக் கொள்ளாத பிள்ளையும் கிடையாது. மயிலாப்பூரில் கேட்டாலும் சரி, சேத்தியாத்தோப்பில் கேட்டாலும் சரி, அந்தக் கேள்வியின் சுருதி ஒன்றுதான். நெய்வேலி நகரியத்தில் ஒரு வீட்டை எடுத்துக் கொள்ளுங்களேன். அப்பா ஷிப்டு முடிந்து அப்பொழுதுதான் செருப்பைக் கழற்றுகிறார். பிள்ளையாண்டான் மட்டையைத் தூக்கிக் கொண்டு மைதானத்துக்குக் கிளம்புகிறான். அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்: "பரீட்சை வருகிறது, ஞாபகம் இருக்கட்டும்!" அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அவர் மனத்திலும் அந்தக் கேள்விதான் ஓடுகிறது.

இந்தக் கேள்விக்கு மிகவும் விசித்திரமான பதில் சொன்ன ஒரு தமிழரின் கதையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். விளையாட்டு அவருக்குச் சோறு போட வந்தது. சோறு என்ன, வடை பாயசத்துடன் தலைவாழை இலையில் விருந்தே படைக்க வந்தது. அவரோ, "போதும்" என்று இலையை மடித்து விட்டார்!

அவர்தான் ராமநாதன் கிருஷ்ணன். விம்பிள்டன் என்ற பெயரை நம் வீட்டுத் திண்ணைகளுக்குக் கொண்டு வந்து சேர்த்தவர்.

தந்தையே குரு

கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவிலில், 1937-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. தகப்பனார் டி. கே. ராமநாதனும் பெயர் பெற்ற டென்னிஸ் ஆட்டக்காரர்தான். மகனுக்கு முதல் குரு அவரே. சங்கீதக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சரளி வரிசை எப்படித் தொட்டிலிலேயே காதில் விழுமோ, அப்படி இந்த வீட்டில் பந்தின் ஓசை விழுந்து கொண்டிருந்தது.

அந்த நாளில் டென்னிஸ் நம்மவர்களுக்கு ரொம்பவும் எட்டாத ஆட்டம். வெள்ளைக்காரத் துரைகள், பெரிய உத்தியோகஸ்தர்கள், ஜமீன்தார்கள், இவர்களுடைய கிளப்புகளில்தான் டென்னிஸ் மைதானம் இருக்கும். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். பந்து வெளியே வந்து விழுந்தால் எடுத்துக் கொடுக்கலாம். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் அந்த வேலியைத் தாண்டி உள்ளே போய், மட்டையைப் பிடித்து நிற்பதே ஒரு சாதனை.

பள்ளிக்கூடத்து மாணவனாக இருந்தபோதே கிருஷ்ணன் எப்படி ஆடினார் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். சென்னையில் கல்லூரி மாணவர்களுக்கென்று பெர்ட்ராம் பந்தயம் நடக்கும். அதில் பள்ளிப் பையனுக்கு இடம் ஏது? லயோலா கல்லூரி முதல்வரிடம் விசேஷ அனுமதி கேட்கப்பட்டது. "ஆடலாம், ஆனால் ஜெயித்தால் கோப்பை கிடையாது" என்று ஏற்பாடாயிற்று. பையன் ஆடினான், தன்னைவிட மூத்தவர்களை எல்லாம் ஜெயித்தும் விட்டான். கோப்பை இல்லாமலே வீடு திரும்பினான். பிற்காலத்தில் அவர் செய்த ஒரு பெரிய காரியத்துக்கு இது வெள்ளோட்டம் போலத் தோன்றுகிறது, இல்லையா? பிறகு அதே லயோலாவில்தான் அவர் படித்தார்.

1953-ல் விம்பிள்டனில் சிறுவர்களுக்கான பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரையில் போய்த் தோற்றார். மறு வருஷம் மீண்டும் போனார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஆஷ்லி கூப்பர் என்ற ஆஸ்திரேலியப் பையன். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1958-ல், பெரியவர்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே பெற்றாரே, அதே கூப்பர்தான்! அவரைத் தோற்கடித்துச் சிறுவர் பட்டத்தை வென்றார் கிருஷ்ணன். ஆசியக் கண்டத்திலிருந்து போய் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பிள்ளை அவர். அப்போது அவருக்கு வயது பதினேழு.

உலக்கையும் கோலமும்

டென்னிஸ் பார்த்திராத சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. நடுவே ஒரு வலை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆட்டத்தைத் துவக்கப் பந்தை மேலே தூக்கிப் போட்டு அடிக்கிறார்களே, அதற்கு 'ஸர்வீஸ்' என்று பெயர். புல் தரையில் பந்து வழுக்கிக் கொண்டு போகும். ஆகவே, ஸர்வீஸை இடி மாதிரி இறக்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வெற்றி அப்போதே கிடைத்து விடும். ஆஸ்திரேலியர்களும் அமெரிக்கர்களும் அதில் மன்னர்கள்.

நம் கிருஷ்ணனின் ஸர்வீஸோ, சாதுவானது. ஆளும் கட்டுமஸ்தான பயில்வான் அல்ல. பிறகு எதைக் கொண்டு ஜெயித்தார் என்கிறீர்களா? மற்றவர்கள் உலக்கையால் இடித்தார்கள் என்றால், இவர் கோலம் போட்டார். எதிராளி இடது பக்கம் ஓடினால் பந்து வலது மூலையில் போய் மெல்ல இறங்கும். அவர் பின்னால் நின்றால் பந்து வலையை ஒட்டி விழும். முன்னே வந்தால் தலைக்கு மேலே போகும். தரையிலிருந்து எழும்பும் அந்தக் கணத்திலேயே பந்தைத் தொட்டுத் திருப்பும் 'அரை வாலி' என்ற அடி அவருக்குக் கைவந்த கலை. எதிராளி வேகத்தைக் கொடுப்பார். இவர் அந்த வேகத்தையே வாங்கி, திசையை மட்டும் மாற்றி அனுப்புவார். பின்னாளில் தகப்பனும் மகனுமாக, நிர்மல் சேகரின் துணையுடன் தங்கள் குடும்பத்தின் கதையை ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியபோது அதற்கு வைத்த பெயர் 'ஏ டச் ஆஃப் டென்னிஸ்'. 'டச்' என்றால் தொடுகை. பொருத்தமான பெயர்தான்.

விருந்து வந்தது

1959-ம் ஆண்டு கிருஷ்ணனுக்கு யோகமான ஆண்டு. லண்டன் க்வீன்ஸ் கிளப் பந்தயத்தில் ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேஸரை வென்று பட்டம் பெற்றார். டேவிஸ் கோப்பைப் போட்டியில், அந்த வருஷம் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போயிருந்த ராட் லேவரைத் தோற்கடித்தார். உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர்களுள் இவரும் ஒருவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருந்து ஜாக் க்ரேமர் என்பவரின் அழைப்பு வந்தது.

க்ரேமர் யார்? அவரும் 1947-ல் விம்பிள்டன் சாம்பியனாக இருந்தவர். பிறகு தொழில்முறை டென்னிஸ் கோஷ்டி ஒன்றை நடத்தினார். நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போவது போல இந்தக் கோஷ்டி நகரம் நகரமாகப் போகும். இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர். டிக்கெட் வசூல் உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் உண்டு. அந்நாளைய மகத்தான ஆட்டக்காரர்கள் பலர் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள்.

ஆனால் அதில் ஒரு முள்ளும் இருந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி விம்பிள்டனும் மற்றப் பெரிய பந்தயங்களும் அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே. அமெச்சூர் என்றால் பரிசுப் பணம் வாங்காமல் ஆடுகிறவர். பிரயாணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்தான் கிடைக்கும். ஒருவர் பணத்துக்கு ஆடுவதாகக் கையெழுத்துப் போட்டாரோ, அன்றோடு விம்பிள்டன் கதவு அவருக்கு மூடிவிடும். நாட்டுக்காக டேவிஸ் கோப்பை ஆடவும் முடியாது.

டென்மார்க் தேசத்தின் குர்ட் நீல்ஸனை உதாரணமாகச் சொல்லலாம். 1953-லும் 1955-லும், 'ஜெயிக்கக் கூடியவர்' என்ற வரிசைப் பட்டியலில் பெயரே இல்லாமல் வந்து, இரண்டு தடவையும் விம்பிள்டன் இறுதி ஆட்டம் வரை போன தீரர் அவர். அவரும் பிற்பாடு தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? கைத்தொழில் தெரிந்தவன் கூலி வாங்குவது பாவமா?

சரி, கிருஷ்ணனுக்கு க்ரேமர் எவ்வளவு தருவதாகச் சொன்னார்? மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர். உறுதியான தொகை. அன்றைய மாற்று விகிதத்தில் 7 லட்ச ரூபாய்க்கும் மேலே. இன்றைக்கு 7 லட்சம் என்றால் நாம் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டோம். ஆகவே நம் வீட்டுக் கணக்கிலேயே பார்ப்போம். அப்போது ஒரு பவுன் நூறு ரூபாய்க்கும் குறைவு. அப்படியானால் அந்தத் தொகைக்கு ஏழாயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம்! பெண்ணுக்கு நூறு பவுன் போட்டுக் கல்யாணம் செய்தால் ஊரே வாயைப் பிளக்கும். இது எழுபது கல்யாணத்துக்குக் காணும்.

கிருஷ்ணனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வேண்டாம் என்ற பிறகு

சகோதரிகளே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். ராமநாதன் கிருஷ்ணன் என்றதும் டென்னிஸ் தெரிந்தவர்கள் எதையெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறார்களோ, அவற்றுள் முக்கால்வாசி அந்த 'வேண்டா'முக்குப் பிறகு நடந்தவை.

1960-ல் விம்பிள்டனில் ஏழாவது இடம் கொடுத்து அவரை வரிசைப் படுத்தினார்கள். அரை இறுதி ஆட்டம் வரை போனார். அந்தக் கட்டத்தை எட்டிய முதல் இந்தியர் அவர்தான். அங்கே ஃப்ரேஸரிடம் தோற்றார்.

1961. சேத்தியாத்தோப்பு, நெய்வேலிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்த ஆண்டு வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். வருஷக் கணக்கில் மண்ணைத் தோண்டிக் கொண்டேயிருந்த நெய்வேலிச் சுரங்கத்தில், அந்த ஆகஸ்டில்தான் லிக்னைட் முதன் முதலாக முகம் காட்டிற்று. அதற்கு முந்தின மாதத்தில், கடல் கடந்த லண்டனில், நம் கிருஷ்ணன் விம்பிள்டன் கால் இறுதி ஆட்டத்தில் ராய் எமர்ஸனை எதிர்த்து நின்றார். எமர்ஸன் சாமானியரா? பெரிய பந்தயங்களில் பன்னிரண்டு ஒற்றையர் பட்டங்களைத் தம் வாழ்நாளில் குவித்தவர். அவரை 6-1, 6-4, 6-4 என்று நேர் ஸெட்டுகளில் மடக்கிப் போட்டார் கிருஷ்ணன். சென்னையில் அவருடைய மகன் ரமேஷ் பிறந்து அப்போது ஏறக்குறைய ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. அரை இறுதியில் ராட் லேவர் அவரை வென்று விட்டார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 1959-ல் விம்பிள்டனில் கிருஷ்ணனைத் தோற்கடித்தவர் அலெக்ஸ் ஓல்மெடோ. அந்த வருஷத்துச் சாம்பியன் அவரே. 1960-ல் தோற்கடித்தவர் ஃப்ரேஸர். அந்த வருஷத்துச் சாம்பியன் அவரே. 1961-ல் லேவர், அந்த வருஷத்துச் சாம்பியனும் அவரே. மூன்று ஆண்டுகளும் பட்டம் பெற்றவரைத் தவிர வேறு யாராலும் இவரை அசைக்க முடியவில்லை!

1962-ல் நான்காவது இடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு எந்த ஆண்டும் அவ்வளவு உயர்ந்த இடம் அவருக்குக் கிடைத்ததில்லை. இந்தத் தடவை பட்டமே வந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். மூன்றாவது சுற்றில் கணுக்கால் காலை வாரிவிட்டது. வலி தாங்காமல் விலகிக் கொள்ள வேண்டியதாயிற்று. விதி என்பதா, வேறு என்ன என்பதா? விம்பிள்டன் பட்டம் கடைசி வரையில் அவருக்குக் கிட்டவில்லை.

கல்கத்தாவில் ஒரு மாலை

விம்பிள்டன் அவருக்குக் கொடுக்காததைக் கல்கத்தா கொடுத்தது.

டேவிஸ் கோப்பை என்பது நாடும் நாடும் மோதும் போட்டி. 1966-ல், இறுதிப் போட்டிக்கு முந்தின போட்டியில், பிரேஸில் கோஷ்டி கல்கத்தா சௌத் கிளப் புல் தரைக்கு வந்தது. நாலு ஆட்டங்கள் முடிந்தபோது இரு தரப்பும் ஆளுக்கு இரண்டு. மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். இந்தியாவுக்குக் கிருஷ்ணன், பிரேஸிலுக்கு இடது கைக்காரரான தாமஸ் கோச்.

முதல் ஸெட் கோச்சுக்கு, 6-3. இரண்டாவது கிருஷ்ணனுக்கு, 6-4. மூன்றாவது ஸெட் அனுமார் வால் போல நீண்டு, 12-10 என்று கோச் பக்கம் போயிற்று. நாலாவது ஸெட்டில் கோச் 5-2 என்று முன்னே நின்றார். இன்னும் ஒரே ஒரு கேம்! அதைக் கோச் எடுத்துவிட்டால் ஆட்டமும் போச்சு, போட்டியும் போச்சு. கிருஷ்ணனுக்கு வயது இருபத்தொன்பது முடிந்து முப்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. எதிரே நின்றவர் அவரைவிட இளையவர்.

அப்போதுதான் கோலம் போடும் கை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு கேம், அடுத்த கேம், அதற்கும் அடுத்த கேம். 5-5. கூட்டம் இருக்கையில் இருக்கவில்லை. 7-5 என்று அந்த ஸெட்டைப் பிடுங்கிக் கொண்டார் கிருஷ்ணன். அடுத்த ஸெட்டில் கோச்சுக்கு மூச்சு விட இடம் தரவில்லை. 6-2. முதல் தடவையாக இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போயிற்று.

அந்த டிசம்பர் கடைசியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆடினார்கள். 4-1 என்று தோற்றோம். ஆனால் அந்த 'ஒன்று' எப்பேர்ப்பட்ட ஒன்று தெரியுமா? கிருஷ்ணனும் கல்கத்தாவின் ஜெய்தீப் முகர்ஜியும் ஜோடி சேர்ந்து, முந்தின ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் பட்டம் பெற்றிருந்த நியூகோம்ப்-ரோச் ஜோடியை அவர்கள் ஊரிலேயே வீழ்த்தினார்கள்!

1953 முதல் 1975 வரை டேவிஸ் கோப்பையில் ஒற்றையரும் இரட்டையருமாக 97 ஆட்டங்கள் ஆடி, 69-ல் ஜெயித்தார் கிருஷ்ணன். 1961-ல் அர்ஜுனா விருது, 1962-ல் பத்மஸ்ரீ, 1967-ல் பத்மபூஷண். இவை அத்தனைக்கும் சேர்த்து ஏழாயிரம் பவுன் விலை கொடுத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

கதவு திறந்தபோது

"ஆஹா, எப்பேர்ப்பட்ட தியாகம்!" என்று கையைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டி விடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை.

கிருஷ்ணனை 1961-ல் வென்ற லேவரைப் பாருங்கள். 1962-ல் நான்கு பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில் வென்றுவிட்டு, அவர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். பணம் கிடைத்தது. ஆனால் 1963 முதல் 1967 வரை ஐந்து வருஷங்கள் விம்பிள்டன் பக்கம் அவரால் தலை காட்ட முடியவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் வேலிக்கு வெளியே. பந்தயம் வேலிக்கு உள்ளே! 1968-ல் சட்டத்தை மாற்றினார்கள். அமெச்சூர், தொழில்முறை என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஆடலாம், பரிசுப் பணமும் வாங்கலாம் என்றாயிற்று. லேவர் திரும்பி வந்து அந்த வருஷமும் அடுத்த வருஷமும் விம்பிள்டனை வென்றார்.

கதவு திறந்தபோது கிருஷ்ணனுக்கு வயது முப்பத்தொன்று. ஆட்டத்தின் மதிய வேளை கடந்துவிட்டது.

பணத்தை ஏற்றவர் பந்தயத்தை இழந்தார். பந்தயத்தை ஏற்றவர் பணத்தை இழந்தார். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தொடலாம் என்று வேலி கட்டி வைத்திருந்தார்களே, அவர்களைத்தான் கேட்க வேண்டும். கையில் வசதியுள்ளவன் மட்டும் நிம்மதியாக ஆடலாம் என்ற காலத்துச் சட்டம் அது. கௌரவம் என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். அந்தச் சட்டத்துக்குள் நின்று கொண்டு, இருபத்திரண்டு வயதில், பெரிய சொத்தையே விட்டுக் கொடுத்து நாட்டுக்காக ஆடும் உரிமையைத் தேர்ந்தெடுத்தாரே, அதனால்தான் கிருஷ்ணன் நம் மனத்தில் உயர்ந்து நிற்கிறார்.

அதனால் அவர் குடும்பம் தெருவில் நின்றதா? அதுவும் இல்லை. ஆட்டத்தை விட்ட பிறகு சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்ஸி நடத்தினார். விம்பிள்டனில் எமர்ஸனை ஓட ஓட விரட்டியவர், நம் வீட்டு அடுப்புக்கு ஸிலிண்டர் அனுப்பும் தொழில் நடத்தினார்! மகனுடன் சேர்ந்து பிள்ளைகளுக்கு டென்னிஸ் கற்றுக் கொடுக்கும் நிலையம் ஒன்றையும் நடத்தினார்.

மகன் ரமேஷ் கிருஷ்ணனைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். 1979-ல், தகப்பனார் வென்று இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை ரமேஷ் வென்றார். 1986-ல் விம்பிள்டனில் கால் இறுதி வரை போனார். 1987-ல் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்து, இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனதில் பெரும் பங்கு அவருடையது. 1989-ல், உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை ஆஸ்திரேலிய ஓப்பனில் வீழ்த்தினார். அவருடைய ஸர்வீஸும் சாதுதான். அவருடைய கையும் கோலக் கைதான். ஒரு வித்தியாசம்: ரமேஷ் விம்பிள்டனிலும் ஆடினார், நாட்டுக்காகவும் ஆடினார், பரிசுப் பணமும் வாங்கினார். தகப்பனாருக்கு வந்த தர்மசங்கடம் மகனுக்கு வரவே இல்லை.

இனி, நம் வீட்டுக் கேள்வி

"இதெல்லாம் ஆயிரத்தில் ஒருவருடைய கதை, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆனால் கோயமுத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஒற்றையர் பிரதானப் போட்டியில் முதல் சுற்றை வென்று காட்டினாரே! இக்காலத்து டென்னிஸில் வேறெந்த இந்தியப் பெண்ணும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. அவருக்கும் ஆரம்பகால குரு தகப்பனார்தான்.

விளையாட்டு எல்லாருக்கும் சோறு போடாது. இது உண்மை, மறைப்பதில் பயனில்லை. பரீட்சையைப் பற்றி அம்மா கவலைப்படுவது நியாயமே. ஆனால் தகப்பனார் ராமநாதன் மகன் கையில் மட்டையைக் கொடுத்தபோது க்ரேமரின் டாலரைக் கனவில்கூடக் கண்டிருக்க முடியாது. தமக்குத் தெரிந்த நல்ல வித்தையை மகனுக்கும் கொடுத்தார். அவ்வளவுதான்.

எனவே, நாளை மாலை உங்கள் பையனோ பெண்ணோ மைதானத்துக்குக் கிளம்பும்போது பரீட்சையை நினைவுபடுத்துங்கள். வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே, திரும்பி வந்ததும், "இன்றைக்கு எப்படி ஆடினாய்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜெயித்தாயா என்று கேட்க வேண்டாம். எப்படி ஆடினாய் என்று கேட்டால் போதும். கோப்பை இல்லாமல் வீடு திரும்பிய அந்தப் பள்ளிக்கூடப் பையனிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதானே?